மூடிய கை

விமான நிலையங்களில் பறிகொடுத்த கத்திகளை
பவுண்டு பதினோரு டாலருக்கு நிறுத்துப் போடுகிறது
கென்டக்கி அரசின் உபரிப்பொருள் கிடங்கு.
செவ்வாய்க்கிழமை மட்டும்.
செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு.
மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்
நீலத் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிடுகிறேன்.

கறுப்புப் பிளாஸ்டிக், துளைபோட்ட அலகு,
ஒரு கையால் சடக்கென்று விரியும் பகட்டெல்லாம்
வேறு யாருக்காவது.
எனக்கு வேண்டியவை
இரண்டு கை கேட்கிற கத்திகள்:
மாட்டெலும்பைக் கொத்திச் சாயமேற்றிய பிடி,
உள்ளே பித்தளைத் தகடு, நடுவில் சிறு கேடயம்,
நகம் நுழைய ஒரு பள்ளம்.
திறக்கும்போது பாதியில் ஒருமுறை நிற்கும்,
யோசிப்பதுபோல.
பிறகு டக்.
அந்த டக்கைக் கேட்கத்தான் இத்தனை பெட்ரோலா என்று
தங்கை லவோனா தலையில் அடித்துக்கொள்வாள்.

பகலில் ஊரார் பற்களைச் சுரண்டுகிறவள் நான்.
இரவில் அதே மாதிரிக் கொக்கி ஊசியால்
கத்திகளின் வயிற்றைச் சுத்தம் செய்கிறேன்.
புகையிலைத் தூள், ஆப்பிள் கறை, சட்டைப்பை நூல்,
ஒருமுறை மீன் செதில் ஒன்று,
இன்னமும் மினுங்கிக்கொண்டு.
வாய்க்குள் கிடைப்பதோடு ஒப்பிட்டால்
இதெல்லாம் எவ்வளவோ மேல்.
எஃகின்மேல் படிந்த சாம்பல் நீலத்தை மட்டும்
தேய்க்க மாட்டேன்.

போன மாதம் மூன்று அலகுக் கத்தி ஒன்று.
கேடயத்தில் கோணல் எழுத்து: ஓ. பி. டாக்கெட்.
எங்கள் மலைப்பக்கம் கல்லை எறிந்தால்
ஒரு டாக்கெட்டின் மேல்தான் விழும்.
ஆறு டாக்கெட்டுகள் இல்லை என்றார்கள்.
அதில் ஒருத்தி, நான் இன்சூரன்ஸ் விற்கிறேன் என்று ஏசினாள்.
ஏழாவது ஆள் இருமிவிட்டுச் சொன்னார்:
"என் பெயர்தான். என் கத்தி இல்லை.
எழுபத்து நான்கிலேயே கைமாறிவிட்டது."

கோர்ட்டுப் படிக்கட்டில், மத்தியான வேளை,
மூடிய கைக்கு மூடிய கை.
பார்க்கக் கூடாது. தடவக் கூடாது.
திறந்த பிறகு புலம்பக் கூடாது.
"சின்ன அலகு ஒடிந்திருந்தது. தெரிந்துதான் கொடுத்தேன்,"
வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்.
"யாரிடம்?"
"தொப்பி போட்டவன். எந்த ஊரோ."
"பதிலுக்கு என்ன கிடைத்தது?"
சிரிப்பு மட்டும் வந்தது, வெகுநேரம்.

பிறகு, "இன்னமும் ஒடிந்தேதான் இருக்கிறதா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திறந்தேன்.
ஒடிந்த முனையை யாரோ
சாணையில் பொறுமையாக இழைத்துக்
குட்டை உளி ஆக்கியிருக்கிறார்கள்.
மற்ற இரண்டையும்விட அதுதான் கூர்.
தேய்மானமும் அதில்தான் அதிகம்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
"அப்படியானால் அவன் தூக்கிப் போடவில்லை."
"யாரோ போடவில்லை," என்றேன்,
"விமானம் ஏறப்போகும்வரை."

அனுப்பிவைக்கிறேன் என்றதற்கு ஒப்பவில்லை.
சும்மா வாங்கிய கத்தி சிநேகத்தை அறுக்குமாம்.
சரி, ஒரு பென்னி கொடுங்கள் என்றேன்.
"பென்னி எதற்கு? மாற்றிக்கொள்வோம்.
நீ ஒன்று, நான் ஒன்று. தபாலில்.
எதை அனுப்புகிறாய் என்று சொல்லிவிடாதே."

வெள்ளிக்கிழமை அவர் உறை வந்தது.
ஒரு கத்திக்கு இந்த எடை போதாதே என்று
உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தபோதே
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மான்கொம்புப் பிடி. வில், ஆணி, பித்தளை
எல்லாம் பத்திரம். அலகு மட்டும் இல்லை.
ஐம்பது வருஷம் கால்சட்டைப் பையில் நடந்தால்தான்
கொம்புக்கு அப்படி ஒரு வழவழப்பு வரும்.

தட்டின் இரண்டாம் வரிசையில் வைத்திருக்கிறேன்.
நீ எதைத்தான் அனுப்பினாய் என்று
துருவித் துருவிக் கேட்கிறாள் லவோனா.

கையை மூடிக் காட்டினேன்.